பக்கத்து நாட்டுக்காரன்

படகு ஓட்டுகிறவனுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை, ஐயா. பஸ் டிரைவருக்கு ஓடத் தெரியுமா என்று யாராவது கேட்கிறார்களா? நேற்றே இதைச் சொல்லியிருப்பேன். நேற்று நீங்கள் கொஞ்சம் சூடாக இருந்தீர்கள். இன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், பன் வேறு. அதனால் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் ஸ்டேஷன் ராதிகா மேடம் அவசரப்படாமல் எழுதட்டும்.

என் பெயர் அண்ணாமலை. தேவனூர் நாடு. பஸ் நிற்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் ஏரியில் படகு விடுகிறேன். கரையில் பஜ்ஜிக் கடை போட்டிருப்பது என் மனைவி கண்ணாயி. ஏரி எவ்வளவு ஆழம் என்று கேட்கத்தான் வாயெடுக்கிறீர்கள், தெரிகிறது. ஆழத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தப் படத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மலைக்கு முகாம் வந்தார்கள். சமுதாயக் கூடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஒரு பழைய படம் போட்டார்கள். கறுப்பு வெள்ளை, வெள்ளைக்காரப் படம். யுத்த காலம். நடுக்கடலில் கப்பலைக் குண்டு போட்டு உடைத்துவிடுகிறார்கள். தப்பித்த நாலைந்து பேர் ஒரு சின்னப் படகில் கிடக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்கச் சொட்டு இல்லை. தாடி வைத்த கேப்டன் ஒருவர் இருந்தார். அவர் தலையாட்டினால்தான் ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர். அவர் பார்த்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அடடா, என்ன மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். என் பார்வைக்கு எங்கள் வீட்டுக் கோழிகூட நகர்ந்து உட்காராது.

படத்தில் பேசுவது எங்களுக்குப் புரியாது என்பதால் ஒரு பெண் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது. படகின் ஓரத்தில் ஒருவன் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவனைக் காட்டி, "இவன் எதிரி நாட்டுக்காரன்" என்றது.

எங்கள் ஊர்ப் பெரியவர் அப்பாசாமி எழுந்தார். "எந்த நாடுங்க கண்ணு?"

அந்தப் பிள்ளைக்குச் சட்டென்று பெயர் வாயில் வரவில்லை போல. "பக்கத்து நாடுங்க ஐயா" என்றது.

கூடம் முழுக்க ஒரே பெருமூச்சு. "அதான பாத்தேன். அவனுங்க கடலுக்குப் போனாலும் அப்படித்தான் இருப்பானுங்க" என்று அப்பாசாமி உட்கார்ந்தார்.

நீங்கள் சமவெளிக்காரர். உங்களுக்கு நாடு என்றால் கொடி, பாஸ்போர்ட், கிரிக்கெட். எங்களுக்கு இந்த ஒரு மலைக்குள்ளேயே பல நாடு. ஒரு ஓடையைத் தாண்டினால் வேறு நாடு, வேறு பழக்கம், வேறு மாதிரி ரசம். எங்களுக்குப் பக்கத்து நாடு எது என்று பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. தவிர, பெயரைச் சொன்னால் பெருமைப்படுவார்கள்.

படம் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் தீர்ந்தது. கேப்டன் எழுந்தார். எதிரி நாட்டுக்காரன் முன்னால் வந்து நின்றார். துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கினார். கரண்ட் போய்விட்டது.

வெளியே நல்ல மழை. கரண்ட் வரவே இல்லை. காலையில் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முடிவு என்ன ஆகியிருக்கும் என்று ஊரில் பேச்சு நடந்தது. "அடிச்சிருப்பான். அடிக்காம என்ன பண்றது, படகுல எடம் வேணுமில்ல" என்றார் அப்பாசாமி. யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் நான் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. தாடி விட்டேன். ஏறுகிறவர்கள் என்னைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். கரையில் இருந்த பலகையைத் திருப்பி வைத்தேன். ஆமாம், அந்தப் பலகையைத் திருப்பியது நான்தான், நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஆழம் தெரிந்துவிட்டால் படகுக்கும் மரியாதை இல்லை, ஓட்டுகிறவனுக்கும் இல்லை.

கேப்டன் என்று யாரும் கூப்பிடவில்லை. "அண்ணா, அந்த வாத்துக்கிட்ட விடுங்க" என்பார்கள். "தாத்தா, ஒரு செல்ஃபி" என்பார்கள். கண்ணாயி கரையில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி, "குட்டைக்கு ஒரு கேப்டனு, குடிசைக்கு ஒரு கலெக்டரு" என்பாள். கட்டினவளாயிற்றே என்று பொறுத்துக்கொள்வேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஆடி மாதம். மத்தியானமே மேகம் இறங்கி ஏரியை மூடிவிட்டது. மறுகரை தெரியவில்லை. அப்போதுதான் முள்ளுக்குறிச்சியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சுதாகர், கட்டட வேலை பார்க்கிற பையன். அவன் பெண்டாட்டி பரிமளா, கல்யாணமாகிப் புதுசு. பரிமளாவின் தாய்மாமன் தனபால், லாரி டிரைவர். மலைக்கு முதல் தடவை. ஏரியை அவர்கள் முழுசாகப் பார்க்கவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டத்தில் ஏறினார்கள்.

"எவ்ளோ பெருசுங்க இது?" என்று பரிமளா கேட்டாள்.

"பெருசும்மா" என்றேன். அதற்கு மேல் நான் பொய் எதுவும் சேர்க்கவில்லை.

தள்ளப்போகிற நேரத்தில் நாலாவது ஆள் ஓடி வந்தார். நாற்பத்தைந்து, ஐம்பது வயசு இருக்கும். தோளில் ஒரு பலாப்பழம். "ஏனுங்க, பஸ்ஸுக்கு நேரம் கெடக்குது. படகுல ஏறுனதே இல்லீங்க, நானும் ஒரு சுத்து வாரேன்" என்றார். மாணிக்கம் என்று பெயர் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். பக்கத்து நாடு.

பழத்தைக் கரையில் வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க நாட்டுல வெச்சுட்டுப் போனா திரும்பிக் கெடைக்குமுங்களா?" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். இந்த மாதிரி வேடிக்கையை நாங்களும் அவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. இருந்தாலும் சொன்னார்.

பழம் சேந்தமங்கலத்தில் இருக்கும் மகள் சங்கீதாவுக்கு. மாசமாக இருக்கிறாளாம். பலாச்சுளை வேண்டும் என்று போனில் அழுதாளாம். "கடைசிப் பழமுங்க, மரத்துல இதுக்கு மேல இல்லீங்க" என்று அதைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டார். பாரம் சமமாக இருக்கட்டும் என்று அவரைப் பின்பக்கம் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். மற்ற மூன்று பேரும் முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அது எப்போதும் உட்கார வைக்கிற முறைதான்.

கரை மறைந்ததும் தனபால்தான் ஆரம்பித்தார். லாரியில் இமயமலை வரை போனவராம். "ஏனுங்க, இந்த மூட்டத்துல திரும்ப வழி தெரியுமுங்களா?" என்றார். குரலில் பயம் இருந்தது.

ஐயா, இதை உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அந்தப் படகில் ஏறின யாரும் அதுவரை பயத்தோடு என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு மனசு குளிர்ந்தது. கரை எந்தப் பக்கம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்குத் தெரியும். "தெரியவில்லை, பார்க்கலாம்" என்றேன். மூன்று தலையும் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தன.

ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் படகு வட்டம் அடிக்கும். மூட்டத்துக்குள் அது யாருக்கும் தெரியாது. அவர்கள் நேராகப் போகிறோம் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

கொஞ்ச நேரம் போனதும் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தது. சுதாகரிடம் ஒரு பாட்டில் இருந்தது. அதை வாங்கி என் காலடியில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூடி என்றேன்.

"சுத்தி ஏரித் தண்ணியே இருக்குதுங்களே" என்றான் சுதாகர்.

"அதைக் குடித்தவர்கள் புத்தி கலங்கிச் செத்திருக்கிறார்கள்" என்றேன். படத்தில் செத்தார்கள். பையன் மூடியை நீட்டினான். போனை எடுத்துப் பார்த்தான், டவர் இல்லை. அதற்கு நான் பொறுப்பு இல்லை.

தனபால் மூக்கை உறிஞ்சினார். "மொளகா பஜ்ஜி வாசம் வருதுங்களே?"

"பசியில் அப்படித் தோன்றும்."

"பொம்பளக் கொரலு ஒண்ணும் கேக்குதுங்க."

கேட்டது. "இன்னுமா சுத்தறீங்க, எண்ண ஆறிப்போச்சு" என்று கண்ணாயி கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ரொம்ப நேரம் இருந்தால் சொந்தக்காரர்கள் கூப்பிடுவது மாதிரியே கேட்கும், பதில் மட்டும் சொல்லக்கூடாது என்றேன். பரிமளா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பாவம், நல்ல பெண்.

மாணிக்கம் ஒருவர்தான் அடங்கவில்லை. மூட்டத்துக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. "எருமை நிக்குதுங்களே" என்றார்.

"நீந்துகிறது" என்றேன். எருமை நீந்தும், ஐயா. அதில் பொய் இல்லை.

"இல்லீங்ணா, நின்னுக்கிட்டு அச போடுதுங்க. இந்தக் குட்டை அவ்ளோ ஆழமெல்லாம் இருக்காதுங்க."

குட்டை என்றார். என் மனைவி சொல்கிறாள் என்றால் அவளுக்கு உரிமை இருக்கிறது. இவர் யார்? என் படகில் உட்கார்ந்துகொண்டு, என் நாட்டு ஏரியை, என் பயணிகள் காதுபடக் குட்டை என்றார். அவர்கள் முகத்தில் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. படகுக்கு உள்ளே இருக்கும் ஆபத்துதான் பெரிய ஆபத்து என்று அந்தப் படத்தில் ஏன் காட்டினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் எழுந்து நின்றேன். படகு ஆடியது. அது நல்லதாகப் போயிற்று. "பாரம் அதிகம். படகு இறங்குகிறது. தவிர, இவர் எங்கள் நாட்டுக்காரர் இல்லை. பக்கத்து நாடு" என்றேன்.

"வெளிநாடுங்களா?" என்றாள் பரிமளா.

"இந்த ஓடைக்கு அந்தப் பக்கம்."

அவளுக்குப் புரியவில்லை. தனபாலுக்குப் பாதி புரிந்தது. "ஓவர்லோடுன்னா எறக்கித்தான் ஆகோணும். மொதல்ல சரக்க எறக்குவோம்" என்று பலாப்பழத்தைப் பார்த்தார். எறிய வேண்டாம், சாப்பிட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். உணவை வீணாக்கக் கூடாது. சுதாகர் எழுந்து வந்து மாணிக்கத்தின் மடியிலிருந்து பழத்தை இழுத்தான். மாணிக்கம் கொஞ்ச நேரம் விடவில்லை. மகளுக்கு, மகளுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்த்தார். விட்டுவிட்டார்.

"சரி, தின்னுங்க சாமி. ரொம்பப் பசியாட்ட இருக்குது. எம் பொண்ணுக்கு வேற எங்காச்சும் தேடிக்கறேன்" என்றார். பழம் முன்பக்கம் போனது. ஆகாயத் தாமரை வெட்ட வைத்திருக்கும் அரிவாளைக் கொடுத்தேன். மூன்று பேரும் குனிந்து அதை வெட்டுவதில் மும்முரமானார்கள்.

மாணிக்கம் என்னிடம் மெதுவாக, "பஸ் போயிருமுங்ணா, நான் எறங்கி நடந்துக்கறேன்" என்றார். நான் தடுப்பதற்குள் பின்பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டு இறங்கிவிட்டார்.

இப்போது ஆழத்தைப் பற்றிப் பேசலாம்.

அவர் நின்றார். தண்ணீர் அவர் இடுப்புக்கு இருந்தது. வேட்டி மேலே மிதந்து வட்டமாக விரிந்தது. குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, ஐயா, அதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் பிழைத்தோம் என்கிற சந்தோஷச் சிரிப்பு. "அட, இடுப்பளவுதானுங்க" என்றார், ரகசியம் மாதிரி. அப்புறம் முன்னால் இருப்பவர்களுக்கும் சொல்வதற்காக வாயைத் திறந்தார்.

நான் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கினேன். கரண்ட் போகவில்லை.

ஒரே அடிதான். சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். "குதித்துவிட்டார், மூழ்கிவிட்டார்" என்றேன். சுதாகர் நல்ல பையன், சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிக்க வந்தான். அவன் குதித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவன் கையைப் பிடித்து, "ஆழம் தெரியாமல் காலை விடாதே தம்பி" என்றேன். பெரியவர்கள் சொன்ன வாக்கு. அவன் உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் கொஞ்ச நேரம் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரம். நான் கையை நீட்டவில்லை. நீட்டித் தூக்கியிருந்தால் அவர் எழுந்து நின்றிருப்பார். எழுந்து நின்றிருந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். குமிழ் நிற்கிறவரை துடுப்புப் போடாமல் காத்திருந்தேன். தலையில் கட்டியிருந்த துண்டையும் அவிழ்த்துவிட்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

பிறகு சாப்பிட்டோம். பிசின் கையில் ஒட்டாமல் இருக்கப் பரிமளா தலை எண்ணெயைத் தொட்டுத் தடவிக்கொண்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். நான்தான் பங்கு வைத்தேன். நான் கண்ணைக் காட்டாமல் ஒருவர்கூடச் சுளையைத் தொடவில்லை. சொல்லக் கூடாது, நல்ல பழம். எங்கள் நாட்டுப் பழம் அளவுக்கு இல்லை.

பழம் தீர்ந்ததும் படகை நேராகக் கரைக்கு விட்டேன். எப்போதும் சேருகிற இடத்திலேயே சேர்ந்தது. கண்ணாயி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏனென்றால் பரிமளா மண்ணில் விழுந்து என் காலைத் தொட்டாள். "சாமி, உங்களாலதான் உசுரோட ஊடு போய்ச் சேரறோம்" என்றாள். தனபால், இமயமலை வரை லாரி ஓட்டினவர், கையெடுத்துக் கும்பிட்டு, "கேப்டன்" என்றார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

அது போதும் என்று இருந்தது எனக்கு. என்னை இப்போது நீங்கள் என்ன செய்தாலும் சரி.

காணாமல் போனவரைப் பற்றிப் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். காலையில் மூட்டம் விலகியது. எருமை ஏரியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது, தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு. பக்கத்தில் அவர் கவிழ்ந்து கிடந்தார். கண்ணாயிதான் முதலில் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே போனாள், அவரைத் திருப்பிப் போட்டாள், அங்கிருந்தே என்னைப் பார்த்தாள். குட்டை என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

நேற்று அந்தப் பெண் சங்கீதா இங்கே வந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றாள். "எங்கப்பன் இடுப்பளவுத் தண்ணில எப்படீங்க முழுகுவாரு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. மேற்கொண்டு கேட்டதெல்லாம் அழுகையோடு கேட்டதால் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. பழம் வீணாகவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அதற்கு ஏன் நீங்கள் என்னை அறைந்தீர்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ராதிகா மேடம் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறார்களாம். டீ வருவதற்கு முன்னால் முடிவைச் சொன்னார்கள். கேப்டன் அடிக்கவில்லையாம். தூக்கின துடுப்பை இறக்கி அந்த எதிரி நாட்டுக்காரன் கையிலேயே கொடுத்தாராம். அவன்தான் எல்லோரையும் கரை சேர்த்தானாம். கேட்டதிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் அது கடல், ஐயா. கடலில் எவ்வளவு பெருந்தன்மையாகவும் இருக்கலாம், யாராலும் எழுந்து நிற்க முடியாது. என் நிலைமை அவருக்கு வரவில்லை.

அடித்தது நான்தான். சாகிற வரை பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். அதில் மாற்றம் எதுவும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூன்று பேரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தேன், அதையும் சேர்த்து எழுத வேண்டும். எதிலிருந்து காப்பாற்றினாய் என்று கோர்ட்டில் கேட்பார்கள். அதனால் மேடம், எழுதும்போது ஆழத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி எழுதுங்கள்.